திண்டுக் கல்லும் நில நடுக்கமும்

திண்டினைப் போன்ற கல் உடைமையால் நம் ஊர் திண்டுக்கல் எனப் பெயர் பெற்றதென்பர். தெற்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத் தொடரும் எல்லை வகுக்க, இடைப்பட்ட செம்மண் சமவெளியில் ஒரே பாறையாய்க் கிடக்கும் அக்குன்றினைத் தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். நாயக்க மன்னர் அதன் உச்சியில் கோட்டை கட்டினர். பின்னர் ஹைதர் அலியும் ஆங்கிலக் கும்பெனியாரும் அதனைக் கைக்கொண்டனர். ஆண்டவர் மாறினரேயன்றிப் பாறை அசைந்ததென எவரும் சொல்லக் கேட்டிலோம். ஆதலின் பூகம்பச் செய்தி பத்திரிகைகளில் வருந்தோறும், "அஃது இமயத்திற்கும் ஜப்பானுக்கும் உரிய துன்பம், நம்முடையது ஆதிப் பாறை, இங்கே அசைவு ஏது?" என்று திண்ணையிலும் வகுப்பறையிலும் பேசுவது வழக்கமாயிற்று. இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. அப்பாதியை முதலிற் கூறி, மறு பாதியிலுள்ள பிழையைப் பின்னர் எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

பாறையின் பழமையில் ஐயமில்லை. பழனி மலைத் தொடரில் மிகுதியாகக் காணப்படும் கருநிறக் கல்லை நிலநூலார் சார்னகைட் என்பர். இப்பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தா நகரின் தொடக்க வரலாற்றோடு தொடர்புடைய ஜாப் சார்னக் என்பாரின் கல்லறைக்கு இட்ட கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றதாகும். அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்னும் நிலநூலார், கல்லின் அடியில் உறங்குபவர் பெயரையே கல்லுக்கும் சூட்டிவிட்டார். தமிழ்நாட்டுக் கல்லுக்குத் தமிழ்ப் பெயர் வாய்க்காது போயிற்றே என்று வருந்துவார் வருந்துக. நாம் இங்குக் கருதத்தக்கது அதன் பிறப்பிடமே. இக்கல் நிலத்தின் மேல்முகத்தில் உண்டானதன்று; இருபது கிலோமீட்டருக்குங் கீழான ஆழத்தில், கொல்லன் உலைக்கு நிகரான வெப்பத்தில், பெரும் பளுவின் கீழ்க் கிடந்து உருமாறியது. பழனி மலைப் பாறைகள் அவ்வாறு இறுதியாக வெந்து பதம் பெற்றது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்துள்ளனர். அவற்றின்மேற் கிடந்த பாறை யாவற்றையும் மழையும் காற்றும் ஆறும் சிறிது சிறிதாகத் தேய்த்துக் கடலிற் சேர்த்தமையால், ஆழத்திலிருந்தது இன்று மலையாய் நிற்கின்றது. கொடைக்கானலில் உலவுவோர் ஒரு காலத்துப் பாதாளத்தின்மீது உலவுகின்றனர் எனலாம்.

இத்துணைப் பழமையான நிலம் ஏன் நடுங்குதல் வேண்டும்? பூமியின் புறவோடு ஒரே துண்டாயிராமல் பல பெருந் தட்டுகளாய்ப் பிரிந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றது. நம் நாட்டைத் தாங்கும் தட்டு ஆண்டிற்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அளவு வடக்கே சென்று ஆசியாவை முட்டுகின்றது. முட்டுமிடம் இமயமாதலின் பெரும் பூகம்பங்கள் அங்கே நிகழ்கின்றன. ஆயினும் முட்டுதலால் விளையும் நெருக்கம் முட்டுமிடத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பலகையின் முனையைச் சுவரில் ஊன்றி மறுமுனையிலிருந்து தள்ளுவோமாயின், நெருக்கம் பலகை முழுவதும் பரவுமன்றோ? அங்ஙனமே தக்காணமும் நம் சமவெளியும் ஓயாது நெருக்குண்டு கிடக்கின்றன. பாறை முழுமையாயிருப்பின் அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பழம் பாறைக்குப் பழம் புண்கள் உண்டு. பண்டைக்காலத்தில் வெடித்து, இருபுறத்துக் கல்லும் ஒன்றையொன்று உரசி இடம் பெயர்ந்த அத்தகைய வெடிப்புகளையே பிளவுகள் என்கின்றோம். நெருக்கம் மிகும்போது அப்பிளவுகளே இளகுகின்றன.

பிளவு இயங்கும் வகையினை மழைக்காலத்துக் கதவு நமக்கு நன்கு கற்பிக்கும். ஈரத்தால் ஊதி நிலையில் இறுகிய கதவை நாம் தள்ளுகிறோம், அசைவதில்லை. இன்னும் வலிந்து தள்ளுகிறோம். பலகை சற்றே வளைகின்றது. கதவோ நின்ற நிலையிலேயே நிற்கின்றது. பின்னர் ஒரு கணத்தில் படீரெனத் திறந்து வீடெல்லாம் அதிர்கின்றது. நாம் நெடுநேரம் செலுத்திய வலிமை வீணாகாமல் வளைந்த பலகையிற் சேர்ந்திருந்து, அவ்வொரு கணத்தில் வெளிப்பட்டது. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தபின், ஹாரி ரீடு என்னும் அறிஞர் அவ்விடத்து நில அளவைகளை ஒப்பிட்டு, பூகம்பம் விளைவதும் இவ்வாறே என்று காட்டினார். பிளவின் குறுக்கே நேராக இட்டிருந்த வேலிகள் சிலவிடங்களில் பல அடி தூரம் விலகி இரு துண்டாய் நின்றன. பிளவின் இருபுறமும் உராய்வினால் பற்றி நிற்கும் நிலையை நிலநூலார் பூட்டுண்ட நிலை என்பர். பூட்டுக்குப் பேர்போன நம் ஊரார்க்கு இச்சொல்லை விளக்கவேண்டுவதில்லை. ஆனால் நம் பட்டறைப் பூட்டுக்குச் சாவி உண்டு, இதற்கில்லை. எந்நாளில் எந்நேரம் இப்பூட்டுத் திறக்குமென்று முன்னறிந்து கூறும் வழியை இன்றளவும் எவரும் கண்டிலர். நாள் குறித்துச் சொல்வாரை நம்புதல் தகாது.

காரணத்தைப் பற்றிய வழக்கு ஒன்று நம் தென்னாட்டிலேயே எழுந்ததை இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி பீகாரும் நேபாளமும் பெரும் பூகம்பத்தால் சிதைந்தன, பல்லாயிரவர் மாண்டனர். அப்பொழுது தமிழ்நாட்டிற் சுற்றுப்பயணஞ் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை அதுவென்று கூறினார். கவி ரவீந்திரநாதர் தீண்டாமையைக் கடிவதில் அடிகளுக்குப் பிற்பட்டவரல்லர்; எனினும், இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் தேடல் வேண்டுமென மறுத்தெழுதினார். இருவரையும் போற்றும் நாம் இவ்வொன்றில் கவியின் பக்கமே நிற்கின்றோம். இடிந்த குடிசையில் மாண்டவருள் பெரும்பாலோர் தண்டனைக்குரிய செயல் யாதும் செய்திராத ஏழைகளும் குழந்தைகளும் ஆவர்.

இனி அலைகளைப் பற்றிக் கூறுவோம். நம் பக்கத்துத் தோட்டங்களில் கிணறு தோண்டுகையில் சில முழ ஆழத்திலேயே பாறை தட்டுப்படும். வெடி வைத்தே மேலும் இறங்குவர். வெடிக்கும்போது சற்றுத் தொலைவில் வரப்பின்மேல் நிற்பவர்க்கு முதலில் காலடியில் ஒரு குத்து உறைக்கும். அதன் பின்னரே வெடியோசை காதில் விழும். காற்றில் ஓசை விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்ல, கல்லினூடே செல்லும் அதிர்வு விநாடிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் செல்வதே இதற்குக் காரணம். பிளவு நழுவும்போதும் இத்தகைய அதிர்வே, ஆனால் அளவிடற்கரிய பெருக்கத்தோடு, எல்லாத் திசையிலும் புறப்படுகின்றது.

அவ்வதிர்வு ஒரு வகையன்று. திண்டுக்கல் ஜங்ஷனில் நிற்கும் சரக்கு வண்டித் தொடரில் என்ஜின் வந்து மோதுவதைக் கண்டிருப்போம். முதற் பெட்டி இரண்டாவதை இடிக்க, அது மூன்றாவதை இடிக்க, கடைசிப் பெட்டி வரையில் அத்தள்ளு ஓடும். கல்லின் துகள்களும் இவ்வாறே முன்னும் பின்னும் நெருங்கி விலகி அலையைச் செலுத்துவதுண்டு. இதுவே விரைவிற் சிறந்தது. எங்கும் முதலில் வந்து சேர்வது. ஆதலின் முதலலை எனப்படும். கிணற்றுக் கயிற்றின் ஒரு தலையைக் கட்டி மறு தலையைப் பக்கவாட்டில் உதறினால் நெளிவு ஒன்று கயிற்றின் வழியே ஓடுமல்லவா? கல்லும் இங்ஙனம் குறுக்காக அசைவதுண்டு. நம் நாட்டுக் கடும் பாறையில் முதலலை விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் செல்ல, இக்குறுக்கலை மூன்றரை கிலோமீட்டரே செல்லும். பிந்தி வருவதாயினும் சுவர்களைப் பக்கவாட்டில் அசைத்துச் சாய்ப்பதில் இதுவே வலிது. இவ்விரண்டிற்கும் பின்னே நிலத்தின் மேல்முகத்தை ஒட்டி உருண்டு வரும் மேற்பரப்பலைகள் உள. அவை மெதுவானவை, நெடுந்தொலைவு செல்பவை.

இவ்வலைகளை வேறு பிரித்தறிந்த பெருமை இந்திய நிலநூல் ஆராய்ச்சித் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஓல்டாம் என்பாருக்கு உரியது. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அஸ்ஸாமில் நிகழ்ந்த மாபெரும் பூகம்பத்தை அவர் நேரிற் சென்று ஆராய்ந்தார். ஐரோப்பாவில் அதனைப் பதிந்த கருவிகளின் கோடுகளையும் ஒப்பிட்டு, மூவகை அலை உண்டென்று 1900இல் வெளியிட்டார். 1906இல், பூமியின் நடுவே அலைகள் தாமதிக்கும் வேறொரு பொருள் உளதெனவும் காட்டினார். குறுக்கலை நீர்ப்பொருளினூடே செல்லாது. நீரை உதறினால் அது கயிறு போல் திரும்ப இழுத்துக்கொள்வதில்லையே! இவ்வொரு குறிப்பைக் கொண்டே, நடுக்கருவின் புறப்பகுதி உருகிய நிலையிலுள்ளது என்று பின்வந்தோர் தெளிந்தனர். அஸ்ஸாம் மக்கள் இழந்தது பெரிது. ஆயினும் பூமியின் உள்ளத்தை மனிதர் அறியத் தொடங்கியது அத்துன்பத்திலிருந்தே.

இவ்வாராய்ச்சியில் நம் மலைக்கும் ஓரிடம் உண்டு. சூரியனை ஆராயும் பொருட்டுக் கொடைக்கானலில் அமைந்த வானிலையத்தில், 1899ஆம் ஆண்டிலேயே ஜான் மில்ன் வகுத்த நடுக்கமானி ஒன்று நிறுவப்பட்டது. நம் நாட்டில் கல்கத்தாவையும் பம்பாயையும் அடுத்து இத்தகைய கருவி பெற்ற இடம் அதுவே. ஜப்பானில் பல்லாண்டு ஆசிரியராயிருந்த மில்ன், உலகெங்கும் ஒரே வகைக் கருவியை வைத்தாலன்றிப் பூகம்ப ஆராய்ச்சி முன்னேறாதென்று கண்டவர். அவர் கருவியின் தத்துவம் எளிது: கிடையாகத் தொங்கும் கனமுள்ள ஒரு தண்டு, நிலம் அசைய, தண்டு தன் கனத்தால் பின்தங்கும், நிலத்துக்கும் தண்டுக்கும் உண்டாகும் அவ்வேறுபாட்டை ஒளிக்கதிர் ஒன்று நகரும் புகைப்படத் தாளில் கோடாக வரையும். பகலில் சூரியனை நோக்கியவர்கள் இரவும் பகலும் காலடி நிலத்தையும் நோக்கி வந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கருவி நிறுவிய மறு ஆண்டே நம் பக்கத்தில் நிலம் பேசியது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி விடியுமுன், கோயம்புத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு எழுந்த நடுக்கம் தென்னாடெங்கும் உணரப்பட்டது. அதன் அளவு ஏறக்குறைய 6 என மதிப்பிட்டுள்ளனர். இத்தகையது ஒன்று மீண்டும் அங்கே எழுமாயின் நம் ஊரில் என்ன நிகழுமென்று மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோயம்புத்தூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். முதலலை 22 விநாடியில் வரும். குறுக்கலை வர 37 விநாடி ஆகும். இடையே உள்ளவை 15 விநாடிகள். கருவியிற் பதிந்த கோட்டில் இவ்விடைவெளியை அளந்து, விநாடி ஒன்றுக்கு 8 கிலோமீட்டராகப் பெருக்கினால், நடுக்கம் பிறந்த இடத்தின் தூரம் ஏறத்தாழக் கிடைக்கும். ஒரு நிலையத்தார் தூரத்தையே அறிவர். மூன்று நிலையத்தார் தத்தம் தூரத்தை ஆரமாகக் கொண்டு படத்தில் வட்டம் இட்டால், மூன்று வட்டமும் சந்திக்குமிடம் மையமாகும். உலகின் எந்தப் பூகம்பத்தின் இடமும் அடிப்படையில் இக்கணக்கினாலேயே அறியப்படுகின்றது.

அவ்விடைவெளியின் அருமையை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி தமிழ்நாடு அறிந்தது. அன்று காலை 6 மணி 29 நிமிட அளவில் சுமத்திராவின் கரையோரம் பிளவு நழுவியது. அதன் அளவு 9.1. அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். ஆழத்துப் பாறையினூடே முதலலை அத்தூரத்தைக் கடக்க நாலரை நிமிடமும், குறுக்கலைக்கு எட்டு நிமிடமும் போதும். கடலின்மேல் வந்த ஆழிப்பேரலையோ நாகப்பட்டினக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. நிலம் சொல்லிவிட்டது, கடல் பின்னரே வந்தது. இடைப்பட்ட அந்நேரத்தில் கரையிலிருந்தோர்க்குச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு இந்துமாக்கடலுக்கு அந்நாளில் இருந்திலது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். 2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் திறக்கப்பட்டது.

பூகம்பத்தின் அளவு என்று மேலே கூறியதைச் சிறிது விளக்குவோம். திருவிழாவில் போடும் அதிர்வேட்டில் இட்ட மருந்து ஒரே நிறைதான். ஆனால் கோயில் வாசலில் நிற்பவன் காதைப் பொத்துகிறான், அடுத்த ஊரான் திரும்பியும் பாரான். இட்ட மருந்தைப் போன்றது அளவு. அவரவர் உணர்ந்ததைப் போன்றது கடுமை. முன்னது பூகம்பத்திற்கு ஒன்றே. பின்னது ஊர்தோறும் வேறு. அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். ஆதலின் 8, 6இன் அருகிலுள்ளது என்று எண்ணற்க.

எனினும் 6 அளவு கொல்லாதென்பதுமில்லை. இனித்தான் நாம் தொடக்கத்திற் சொன்ன மறு பாதிக்கு வருகின்றோம். மராட்டிய நாட்டின் லாத்தூர்ப் பகுதி நம்முடையதைப் போன்றே பழமையான தக்காண நிலம். அந்நாளைய பூகம்ப மண்டலப் படத்தில் அது மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி விடியுமுன், அளவு 6.2 உள்ள நடுக்கம் கில்லாரி என்னும் ஊரின் அடியில், மிகக் குறைந்த ஆழத்தில் எழுந்தது. உறங்கியவாறே மாண்டவர் ஏறக்குறைய பதினாயிரவர். இதே அளவுள்ள நடுக்கங்கள் ஜப்பானில் உயிர்ச்சேதம் ஏதுமின்றிக் கழிவதுண்டு. வேறுபாடு எங்கே? கில்லாரியின் வீடுகள் ஒழுங்கற்ற கற்களை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்களும், மரத்தின்மேல் மண்ணை ஏற்றிய கனத்த கூரையும் உடையவை. வெயிலுக்குக் குளிர்ந்த அச்சுவர்கள் பக்கவாட்டில் அசைந்தவுடன் உட்புறக் கல் உட்புறமும் வெளிப்புறக் கல் வெளிப்புறமுமாகப் பிளந்தன, கூரை இறங்கியது.

பழம் பாறையில் நடுக்கம் அரிதென்பதே உண்மை, இல்லையென்பது பிழை. அரிதாயிருப்பதாலேயே அதனை எண்ணாமற் கட்டுகின்றோம். இப்பிழையை 2002ஆம் ஆண்டுப் படம் திருத்திற்று. முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டு, நாட்டில் அபாயமற்ற இடமென ஒன்றும் குறிக்கப்படவில்லை. அப்படத்தில் கோயம்புத்தூர், சேலம், சென்னை மூன்றாம் மண்டலத்திலும் மதுரை இரண்டாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னர், 2000ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, நம் மலைகளுக்கு அப்பாலுள்ள இடுக்கிப் பகுதியில் அளவு 5ஐ ஒட்டிய நடுக்கம் ஒன்று எழுந்ததையும் நினைவிற் கொள்க.

நிலத்தின் தன்மையும் கருதற்பாலது. கடும் பாறை அலையை எளிதில் விடாது. குறைந்த நலிவோடு நெடுந்தொலைவு கடத்திவிடும். எனவே தூரத்து நடுக்கமும் நம்மைத் தீண்டும். ஆனால் பாறையின்மேல் நேரே எழுப்பிய கட்டடத்தில் ஆட்டம் குறைவு; தளர்ந்த மண்ணில் அலை வேகங் குன்றி வீச்சு மிகும். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி கட்சுப் பகுதியில் எழுந்த பூகம்பம், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்தில், சபர்மதி ஆற்று வண்டல்மேல் நின்ற மாடிக் கட்டடங்கள் பலவற்றை வீழ்த்தியது. கீழ்த்தளத்தில் வண்டிகளை நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்களை மட்டும் விட்ட கட்டடங்களே அவற்றுள் மிகுதி. கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் பாறைமேல் நிற்கும் பழைய வீட்டிற்கும், கண்மாய்ப் படுகையை மண் கொட்டி மேடாக்கி எழுப்பிய புது மாடிக்கும் ஒரே நடுக்கம் இரு வேறு நடுக்கமாகும். நீர் நிற்க வேண்டிய இடத்தில் வீடு கட்டுவோர் மழைக்கு மட்டுமே அஞ்சுகின்றனர்.

பரிகாரம் பெருஞ் செலவுடையதன்று. கல் சுவராயின், சாந்து நல்லதாயிருத்தல் வேண்டும். சுவரின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் வரை எட்டும் நீண்ட கற்களை இடையிடையே குறுக்கே வைத்தல் வேண்டும். கதவு சன்னல்களுக்கு மேலே கொத்தர் வார்க்கும் லிண்டலைத் திறப்பின் அகலத்தோடு நிறுத்திவிடாமல், கம்பியிட்ட பட்டியாக வீட்டைச் சுற்றி எல்லாச் சுவரிலும் ஒரே ஓட்டமாக ஓட்டுதல் வேண்டும். பானையின் கழுத்திற் கட்டிய கயிறு போல அது நான்கு சுவரையும் ஒன்றாய்ப் பிடித்துக்கொள்ளும். மூலைகளில் சுவரும் சுவரும் கோத்திருத்தல் வேண்டும். கில்லாரிக்குப் பின் மராட்டிய நாட்டில் திரும்பக் கட்டிய வீடுகளில் இப்பட்டிக்கே முதலிடம் தந்தனர். நம் பக்கத்துக் கொத்தர்களுள் அனுபவமிக்கோர் இதனை அறியாதவரல்லர். சிறு வீடு கட்டுவோர் கம்பிக்கும் சிமெண்டுக்கும் ஆகும் அச்சிறு மிகுதியைக் குறைக்கச் சொல்லும்போது, அவர்கள் குறைத்துவிடுகின்றனர்.